ஆடினால்தான் பறக்கும்! - ஹெலிகாப்டர் இறக்கையில் ஒளிந்திருக்கும் கீலின் கதை

வீட்டு சீலிங் ஃபேனின் இறக்கை லேசாக ஆட ஆரம்பித்தாலே பலருக்குத் தூக்கம் போய்விடும். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுத்தான் மறுவேலை. ஆனால், ஐந்தாறு பேரைச் சுமந்துகொண்டு மலைக்கு மேல் பறக்கும் ஹெலிகாப்டரின் இறக்கை, ஆட வேண்டும் என்றே செய்யப்பட்டது. பல ஹெலிகாப்டர்களில் இறக்கையின் அடிப்பகுதியில், கதவுக்கு இருப்பதுபோலவே ஒரு கீல் இருக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது நுனியைப் பிடித்துத் தூக்கினால் மேலே போகும். விட்டால் கீழே இறங்கும்.

'உயிரையே நம்பி ஏறுகிற வண்டியில், முக்கியமான பாகத்தை இப்படியா லொடலொடவென்று மாட்டுவார்கள்?' என்று தோன்றுகிறதா? இறுக்கமாக மாட்டிப் பார்த்த ஒரு மனிதர் இருந்தார். அவர் செய்த இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் கவிழ்ந்தன.

பிரம்பு சொன்ன பதில்

அவர் பெயர் ஹுவான் டி லா சியர்வா. ஸ்பெயினின் முர்சியாவில் 1895-ல் பிறந்தவர். அப்பா அமைச்சராக இருந்த அரசியல்வாதி. மகனுக்கோ சிறு வயதிலிருந்தே விமானப் பைத்தியம். 1919-ல் மூன்று இன்ஜின் கொண்ட பெரிய விமானம் ஒன்றை வடிவமைத்தார். சோதனையில் அது தாழ்வாகப் பறந்தபோது வேகம் குறைந்து, தூக்குவிசையை இழந்து, தரையில் மோதியது. விமானி பிழைத்துக்கொண்டார்.

வேகம் குறைந்தாலும் விழாத ஒரு பறக்கும் இயந்திரம் வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு சியர்வாவை விடவில்லை. முன்னால் வழக்கம்போல ஒரு இன்ஜினும் புரொப்பெல்லரும். மேலே, இன்ஜினோடு இணைக்காமல் தானாகச் சுற்றும் ஒரு ரோட்டார். வண்டி முன்னே போகப் போக, குழந்தை கையில் இருக்கும் காற்றாடிபோல எதிர்க்காற்றிலேயே ரோட்டார் சுற்றும். சுற்றும் இறக்கைகள் தூக்குவிசை தரும். இதற்கு அவர் வைத்த பெயர் ஆட்டோஜைரோ. ஹெலிகாப்டருக்கு அண்ணன் என்று சொல்லலாம்.

1920-ல் முதல் இயந்திரம் தயார். எழும்ப முயன்றபோது கவிழ்ந்தது. அடுத்த இரண்டு வடிவங்களும் சரிப்படவில்லை. வேகம் எடுத்ததும் ஒரு பக்கமாகச் சாயும், பிறகு இறக்கை தரையில் அடித்து நொறுங்கும். இதில் விசித்திரம் என்னவென்றால், அவர் செய்த சின்ன மாடல் மட்டும் சமர்த்தாகப் பறந்தது.

முழு அளவு இயந்திரம் ஏன் கவிழ்ந்தது என்பதற்கு ஒரு எளிய கணக்கு போதும். ஒரு ஹெலிகாப்டரின் இறக்கை நுனி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி 150 கி.மீ. வேகத்தில் முன்னே போகிறது. ஒரு பக்கத்தில் இறக்கை வண்டி போகும் திசையிலேயே வீசுகிறது. அங்கே நுனியில் மோதும் காற்றின் வேகம் 850. மறுபக்கத்தில் இறக்கை பின்னோக்கிப் போகிறது. அங்கே வெறும் 550. தூக்குவிசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒரு பக்கத்து நுனிக்கு மறுபக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகத் தூக்குவிசை கிடைக்கும். தராசின் ஒரு தட்டில் ஒரு கிலோ, மறு தட்டில் இரண்டரை கிலோ. கவிழாமல் என்ன செய்யும்? சீலிங் ஃபேனுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது எங்கும் பயணம் போவதில்லை.

அப்படியென்றால் மாடல் எப்படிப் பறந்தது? அதன் இறக்கைகள் வளையும் பிரம்பால் ஆனவை. அதிகக் காற்று வாங்கிய பக்கத்தில் பிரம்பு மேலே வளைந்துகொடுத்தது, குறைவாக வாங்கிய பக்கத்தில் தாழ்ந்தது. பெரிய இயந்திரத்தின் இறக்கைகளோ கம்பி கட்டி விறைப்பாக நிறுத்தப்பட்டவை. விடை கையிலேயே இருந்திருக்கிறது, கவனிக்கத்தான் நேரம் பிடித்தது.

சியர்வா ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் ஒரு கீலை மாட்டினார். சி.4 என்ற அந்த இயந்திரம் 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே கெட்டாஃபே விமான தளத்தில் எழுந்தது, நேராகப் பறந்தது. சில நாள்களில் இன்னொரு சோதனையின்போது நடுவானில் இன்ஜின் நின்றுபோனது. எந்த ஆபத்துக்குப் பயந்து இதை ஆரம்பித்தாரோ, அதுவே நேர்ந்துவிட்டது. வண்டி மெதுவாக, செங்குத்தாக இறங்கித் தரையைத் தொட்டது. சேதம் இல்லை.

ஏறினால் குறையும், இறங்கினால் கூடும்

கீல் உள்ளே செய்யும் வேலை அழகானது. பைக்கில் போகும்போது நேராக விழும் மழையும் முகத்தில் சாய்வாகத்தானே அடிக்கிறது? நாம் நகர்வதால் மழையின் திசை மாறியதுபோல் இருக்கிறது. இறக்கைக்கும் அப்படித்தான். கூடுதல் தூக்குவிசை கிடைத்து அது மேலே எழும்போது, காற்று சற்று மேலிருந்து வருவதுபோல அதன் மீது படுகிறது. காற்றை எதிர்கொள்ளும் கோணம் குறைகிறது, தூக்குவிசையும் குறைகிறது. மறுபக்கத்தில் தாழும் இறக்கைக்குக் காற்று கீழிருந்து வருவதுபோல ஆகிறது. கோணம் கூடுகிறது, தூக்குவிசையும் கூடுகிறது. இரண்டு பக்கமும் சமமாகிவிடும். விமானி எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு சுற்றுக்கு ஒருமுறை என்று, நொடிக்குப் பல முறை இது நடந்துகொண்டே இருக்கும். இந்த மேல்-கீழ் அசைவைத்தான் 'ஃப்ளாப்பிங்' என்கிறார்கள்.

கீல் மாட்டினால் இறக்கை அப்படியே மேலே மடிந்துவிடாதா? மடியாது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் கயிறு விறைத்துக்கொள்வதுபோல, சுழற்சி இறக்கையை வெளிப்பக்கமாக டன் கணக்கான விசையில் இழுத்துப் பிடிக்கிறது. பறக்கும் ஹெலிகாப்டரின் இறக்கையை விறைப்பாக வைத்திருப்பதில் பெரும்பங்கு இந்த இழுவைக்குத்தான்.

ஒரு கீலோடு கதை முடியவில்லை. மேலும் கீழும் அசையும் இறக்கை, சுழற்சியின் திசையிலும் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். நடனக் கலைஞர் கைகளை மடக்கினால் வேகமாகவும், விரித்தால் மெதுவாகவும் சுழல்கிறாரே, அதே காரணம்தான். அந்த உலுக்கல் முழுக்க இறக்கையின் அடிவேரில் இறங்கும். 1927-ல் இங்கிலாந்தில் சியர்வாவின் ஒரு ஆட்டோஜைரோவின் இறக்கை வானிலேயே பிய்த்துக்கொண்டது. விமானி காயத்தோடு தப்பினார். அதன் பிறகுதான் முன்னும் பின்னும் அசைய இரண்டாவது கீல் நிரந்தரமாக வந்து சேர்ந்தது.

ஒரு துண்டுக் காகிதம் எடுங்கள்

இறக்கையின் இன்னொரு அசைவு 'பிட்ச்'. அதாவது, இறக்கை தன் அச்சில் திருகிக்கொள்வது. விமானி கையிலிருக்கும் கட்டுப்பாடுகள் செய்வது இதைத்தான். முன்விளிம்பு உயர்ந்தால் கோணம் கூடும், தூக்குவிசையும் கூடும். ஃப்ளாப்பிங் காற்றின் வேலை, பிட்ச் விமானியின் வேலை என்று பிரித்துவிடலாம்போலத் தெரியும். ஆனால், கீலை எந்தக் கோணத்தில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும்.

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு விரல் அகலத்தில் நீளமான காகிதத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். ஒரு முனைக்கு அருகே, நீளத்துக்குக் குறுக்காக நேராக மடியுங்கள். மறுமுனையைத் தூக்கினால் துண்டு திருகாமல் நேராக எழும். இப்போது இன்னொரு துண்டை எடுத்து, மடிப்பைச் சாய்வாகப் போடுங்கள். நுனியைத் தூக்கிப் பாருங்கள். எழும்போதே திருகிக்கொண்டு எழும். குழந்தைகளிடம் கொடுத்தால் அரை மணி நேரத்துக்கு போன் கேட்க மாட்டார்கள்.

இந்தச் சாய்ந்த மடிப்புதான் ஹெலிகாப்டர் உலகில் 'டெல்டா-3 கீல்'. முன்விளிம்புப் பக்கத்தில் மடிப்பு நுனியை நோக்கித் தள்ளியிருந்தால், இறக்கை மேலே எழும்போது முன்விளிம்பு குறைவாகவும் பின்விளிம்பு அதிகமாகவும் உயரும். அதாவது, எழும் இறக்கை தானே தன் பிட்ச்சைக் குறைத்துக்கொள்ளும். 45 டிகிரி சாய்வு என்றால், இறக்கை ஒரு டிகிரி எழுந்தால் பிட்ச் ஒரு டிகிரி குறையும். கீலையே சாய்க்காமல், பிட்ச்சைத் திருப்பும் கம்பியை இறக்கையில் எந்த இடத்தில் மாட்டுகிறார்கள் என்பதை வைத்தும் இதே விளைவைக் கொண்டுவரலாம்.

இதன் அருமை தெரிவது வால்பக்கத்துச் சின்ன ரோட்டாரில். பெரிய ரோட்டாரின் சாய்வை விமானி ஸ்டிக்கால் ஒவ்வொரு நொடியும் திருத்திக்கொண்டிருப்பார். வால் ரோட்டாருக்கு அப்படி ஒரு கை கிடையாது. வேகமாகப் பறக்கும்போது அது இஷ்டத்துக்கு ஆடினால், இறக்கை வாலிலேயே போய் அடித்துவிடும். அதனால் பல ஹெலிகாப்டர்களின் வால் ரோட்டாரில் டெல்டா-3 இருக்கும். ஆட ஆரம்பித்ததும் தானே அடங்கிக்கொள்கிற ஏற்பாடு.

சீசா பலகையும் மரணமும்

கீல்கள் கூடக் கூட எடையும் விலையும் பராமரிப்பும் கூடும். அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். இரண்டே இறக்கைகள், நடுவில் ஒரே கீல். பார்க்கில் இருக்கும் சீசா பலகைபோல ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும். அமெரிக்காவில் 1946-ல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு முதன்முதலாகச் சான்று பெற்ற பெல் 47 ஹெலிகாப்டர் இந்த வகைதான். வியட்நாம் போரின் அடையாளமாகிப்போன ஹூயியும் இதே. உலகெங்கும் ஏராளமான விமானிகள் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ராபின்சன் ஆர்22-வும் இதே குடும்பம். அதில் நடுவில் சீசா கீல் ஒன்று, தவிர ஒவ்வொரு இறக்கைக்கும் தனியாக ஒரு கீல் என மொத்தம் மூன்று.

எளிமையானது, விலை குறைவு. ஆனால், இந்த அமைப்பில் வண்டியின் உடல், ரோட்டாருக்குக் கீழே ஊஞ்சல்போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ரோட்டார் மேல்நோக்கி இழுக்கும் வரைதான் அது சாயும் பக்கம் உடலும் சாயும். அந்த இழுவை நின்றுபோனால்?

ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு காலியானதுபோல ஓர் உணர்வு வருமே, அது ஹெலிகாப்டரிலும் வரும். மேலேறிக்கொண்டிருக்கும் விமானி ஸ்டிக்கைச் சட்டென்று முன்னே தள்ளினாலோ, மலைக்காற்று தூக்கிப்போட்டாலோ, ஓரிரு நொடிகளுக்கு எல்லாமே எடையற்றதுபோல ஆகும். ரோட்டார் எதையும் தூக்கவில்லை. ஆனால், வால் ரோட்டார் மட்டும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதன் தள்ளல், அமெரிக்க வகை ஹெலிகாப்டர்களில் உடலை வலப்பக்கமாக உருட்டும்.

வலப்பக்கம் சாய்ந்தால் எந்த மனிதரின் கையும் இடப்பக்கம்தான் திருப்பும். அதுதான் பொறி. ரோட்டார் சொன்னபடி இடப்பக்கம் சாயும். அதில் இழுவை இல்லாததால் உடல் அதைப் பின்தொடராது, வலப்பக்கமே உருண்டுகொண்டிருக்கும். இரண்டும் எதிரெதிராகப் போக, ரோட்டாரின் நடுப்பகுதி தன்னைத் தாங்கும் தண்டிலேயே ஓங்கி அடிக்கும். 'மாஸ்ட் பம்பிங்' என்பது இதுதான். தண்டு முறியலாம், இறக்கை கேபினையே வெட்டலாம். அதன் பிறகு விமானி செய்ய ஏதுமில்லை.

தப்பிக்கும் வழி உண்டு. முதலில் ஸ்டிக்கை மெதுவாகப் பின்னே இழுத்து ரோட்டாருக்குப் பளுவைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். சாய்ந்துகொண்டிருக்கும் வண்டியில், சாய்வைக் கண்டுகொள்ளாமல் வேறொன்றை முதலில் செய் என்று கைக்குச் சொல்லித் தருவது எவ்வளவு கடினம்! விமானியைக் குறைசொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால், இயல்பாகச் செய்யத் தோன்றுவதே உயிரைப் பறிக்கும் என்றால், அதில் வடிவமைப்புக்கும் பங்கு இருக்கிறது.

ராபின்சன் நிறுவனம் 1982-லேயே இதுபற்றிப் பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 1995-ல், ஆர்22, ஆர்44 வகைகளை ஓட்டுபவர்களுக்குத் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மலைக்காற்று அதிகமுள்ள நியூசிலாந்தில் இந்த விபத்துகள் தொடர்ந்ததால், அந்நாட்டின் விபத்து விசாரணை ஆணையம் 2016-ல் இதைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. நிறுவனமும் வண்டி வலப்பக்கம் உருளும் போக்கைக் குறைக்க, சமீப ஆண்டுகளில் வால்பகுதியின் வடிவத்தை மாற்றியிருக்கிறது. முதல் எச்சரிக்கைக்கும் இந்த மாற்றத்துக்கும் இடையே சுமார் 40 ஆண்டுகள். எத்தனையோ குடும்பங்களுக்கு அது நீண்ட காலம்.

கீலே இல்லாத துருவ்

கீலைத் தண்டின் நட்டநடுவில் வைக்காமல் சற்று வெளியே தள்ளி வைத்தால் நிலைமை மாறும். ரோட்டார் சாயும்போது, வெளிப்புறம் இழுக்கும் அந்த டன் கணக்கான விசை, தண்டையும் உடலையும் சேர்த்துச் சாய்க்கும். தூக்குவிசை இல்லாத நொடியிலும் வண்டி விமானியின் பேச்சைக் கேட்கும். இந்தியப் படைகள் பல ஆண்டுகளாக ஓட்டும் சேத்தக், மூன்று இறக்கைகள் கொண்ட இந்தக் கீல் வகை.

இன்னும் ஒருபடி மேலே போய் ஃப்ளாப்பிங் கீலையே எடுத்துவிட்டவர்கள் ஜெர்மானியர்கள். 1967-ல் முதன்முதலாகப் பறந்த போல்கோ 105 ஹெலிகாப்டரில் கண்ணாடியிழையால் ஆன இறக்கைகளே வளைந்து கீலின் வேலையைச் செய்தன. அது வானில் குட்டிக்கரணம் அடிக்கும். பெங்களூரின் ஹெச்.ஏ.எல். நிறுவனம் அந்த ஜெர்மன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு உருவாக்கி, 1992-ல் முதல்முறை பறக்கவிட்ட துருவ் ஹெலிகாப்டரும் கீல் இல்லாத ரகம். கோவை சூலூர் விமானப்படைத் தளத்தைச் சேர்ந்த சாரங் சாகசக் குழுவின் மயில் வண்ண ஹெலிகாப்டர்கள் இவைதான். அத்தனை சுறுசுறுப்பாக அவை திரும்புவதற்கு ரோட்டாரின் இந்த விறைப்பும் ஒரு காரணம். இதற்கும் விலை உண்டு. கீல் வாங்கிக்கொண்டிருந்த அதிர்வும் அழுத்தமும் இப்போது ரோட்டாரின் மற்ற பாகங்களுக்கும் உடலுக்கும் போகின்றன. அந்தப் பாகங்களை இன்னும் வலுவாகச் செய்ய வேண்டும், இன்னும் உன்னிப்பாகச் சோதிக்க வேண்டும்.

வளையும் இறக்கை என்றதும் சியர்வாவின் பிரம்பு மாடல் நினைவுக்கு வருகிறதா? 45 ஆண்டுகள் சுற்றி அங்கேயே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 1936 டிசம்பர் 9 அன்று, பனிமூட்டத்தில் லண்டன் கிராய்டன் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று போதிய உயரம் எடுக்காமல் ஒரு வீட்டின் மீது மோதியது. அதில் பயணம் செய்த சியர்வா இறந்துபோனார். வயது 41.

ஹெலிபேடில் நிற்கும்போது

கேதார்நாத் போகும் தமிழ்நாட்டு யாத்ரிகர்களில் பலர், மலையடிவாரத்திலிருந்து ஹெலிகாப்டரில்தான் ஏறுகிறார்கள். 'குனிந்து வாருங்கள், இப்படி வாருங்கள்' என்று ஊழியர்கள் கையைப் பிடித்து இழுக்கும்போது சிலருக்குக் கோபம்கூட வரும். அந்த அவசரத்துக்கான காரணமும் இறக்கையின் ஆட்டத்தில்தான் இருக்கிறது.

ரோட்டாரின் வேகம் பாதியானால், இறக்கையை விறைப்பாகப் பிடித்திருக்கும் இழுவை கால்வாசியாகிவிடும். அதனால் கிளம்பும்போதும் நிற்கும்போதும், மெதுவாகச் சுற்றும் இறக்கைகள் தொங்க ஆரம்பிக்கின்றன. கீல் உள்ள வகைகளில், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாமல் தாங்கத் தடுப்பு உண்டு. கீல் இல்லாத வகைகளிலும் இறக்கையே வளைந்து தாழும். அந்த நேரத்தில் பலமான காற்று வீசினால், தலைக்கு மேலே தெரிந்த நுனி சட்டென்று தோள் உயரத்துக்கு இறங்கிவிடக்கூடும். மலைச்சரிவில் மேட்டுப்பக்கமிருந்து நெருங்கினால் இன்னும் மோசம், அங்கே தரையே இறக்கையை நோக்கி உயர்ந்திருக்கும். ஆகவே எப்போதும் பள்ளத்துப் பக்கமிருந்து, விமானியின் கண்ணில் படும்படி, அவர் அல்லது ஊழியர் சைகை காட்டிய பிறகு, குனிந்தே போக வேண்டும். தொப்பி, துப்பட்டா, சால்வை எல்லாம் கையில் சுருட்டிப் பிடித்திருக்க வேண்டும். செல்ஃபி ஸ்டிக்கை உயர்த்தவே கூடாது.

வால்பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். சுற்றும் வேகத்தில் வால் ரோட்டார் கண்ணுக்கே தெரியாது. 2023 ஏப்ரலில் கேதார்நாத் ஹெலிபேடில் அதில் அடிபட்டு ஓர் அரசு அதிகாரியே உயிரிழந்தார்.

ஏறி உட்கார்ந்து கதவு மூடியதும், ஜன்னல் வழியாக மேலே பாருங்கள். சற்று முன்பு வாழை இலைபோலத் தொங்கிய இறக்கைகள், வேகம் ஏற ஏற நிமிர்ந்து, வண்டி தரையைவிட்டு எழும்போது லேசாக மேல்நோக்கிக் குவிந்திருக்கும்.